பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சு

சௌல்மோ, 14 மே 1967

இல்லை, அப்பா கடைசியில் எதுவும் சொல்லவில்லை. உன் தந்தியில் இருந்த ஒரே கேள்வி அதுதான், அதனால் முதலில் அதற்குப் பதில். தண்ணீர் கேட்டுக் கையை அசைத்தார். கொடுத்தேன். பாதி வழிந்தது. பிறகு மூன்று மணி நேரம் மூச்சு மட்டும்.

ஒனோஃப்ரே, உனக்கு உடம்பு நன்றாக இருக்கட்டும். புன்டா அரேனாஸில் காற்று இப்போதே ஆளைத் தள்ளும் என்று கப்பல்காரர்கள் சொல்கிறார்கள். உனக்கொரு கம்பளிச் சட்டை பின்னி அனுப்பினேன். வந்ததா?

மரண செபத்தை நான்தான் சொன்னேன். வேறு யாருக்குத் தெரியும்? அதை எழுதிவைப்பது இந்தக் கோயிலில் வழக்கமில்லை. உபதேசியாரின் வாயிலிருந்து சாகிறவரின் காதுக்கு, அவ்வளவுதான். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டு வந்தது.

நீ பதினோரு வருடமாக இங்கே இல்லை, அதனால் இதை எழுதுகிறேன். தொண்டையில் கட்டி வந்து அப்பாவின் குரல் போன பிறகு ஒன்பது வருடம் அவர் உபதேசியாராகப் பீடத்துக்கு முன்னால் நின்று உதட்டை மட்டும் அசைத்தார். நான் பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து செபத்தைச் சொன்னேன். எல்லாரும் அவருக்குத்தான் பதில் சொன்னார்கள். யாரும் என் பக்கம் திரும்பியதில்லை. கோயில் சபையின் ஐந்து ஆண்களும்கூட.

இப்போது அந்த ஐந்து பேர் புது உபதேசியாரைத் தேட வேண்டும். ஜனவரியில் செபஸ்தியார் திருவிழாவுக்குச் சாமியார் கப்பலில் வரும்போது பெயர் தயாராக இருக்க வேண்டும். ஊர் கேட்டால் ஒரு பெண்ணையும் நியமிப்பேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் அந்த ஐவரில் மூத்தவர், பெலார்மினோ மாமா, உன் பெயரைச் சொல்கிறார். மகன் இருக்கும்போது மகள் எதற்கு என்று.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சபைக்கு ஒரு கடிதம் எழுது. 'நான் வரப்போவதில்லை, அக்காவை நியமியுங்கள்.' இரண்டு வரி போதும்.

குளிரில் கவனமாக இரு.

எடெல்மிரா

•

புன்டா அரேனாஸ், 2 ஜூன் 1967

என் அன்பு அக்காவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பசு கன்று போட்டதா? சட்டை வந்தது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நம் வீட்டு அடுப்புப் புகையின் வாசனை அதில் இன்னும் இருக்கிறது. மூக்கை வைத்தபடி அரை மணி நேரம் அழுதேன்.

அப்பா போய்விட்டார் என்பதை மனம் ஏற்கவில்லை. கண்ணை மூடினால் கோயில்தான் தெரிகிறது. கடலைப் பார்த்த வாசல், நீலக் கூரை, அதில் நாம் எண்ணி எண்ணித் தோற்ற வெள்ளி நட்சத்திரங்கள். இறைச்சி ஆலையின் எழுத்தர் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று பெயர். மனம் அங்கேதான்.

இங்கே நம் தீவுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எங்கள் சங்கத்தில் என்னைச் செயலாளராக வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் ஒரு கூட்டம். நம் ஊர் மரக்கோயிலைப் பற்றி நீ பேசு என்கிறார்கள். அக்கா, எனக்கு என்ன தெரியும்? யார் கட்டியது, எப்போது, என்ன மரம், எத்தனை தூண்? நீ எழுதி அனுப்பு. அப்பாவின் நினைவுக்குச் செய்வதாக நினைத்துக்கொள்.

சபைக்கு எழுதும் விஷயம் என் மனதில் இருக்கிறது. பெரியவர்களுக்கு எழுதுவது. வார்த்தையைப் பார்த்துப் போட வேண்டும்.

உன் கைகளை முத்தமிடும் தம்பி,
ஒனோஃப்ரே

•

சௌல்மோ, 25 ஜூன் 1967

ஒனோஃப்ரே, நலமாக இரு. முழங்கால் அப்படியேதான். கன்று ஆண்.

நீ கேட்டது.

இது மூன்றாவது கோயில். முதல் இரண்டும் மெழுகுவர்த்தியால் எரிந்தன. இப்போது இருப்பது 1826இல் தொடங்கி ஒன்பது குளிர்காலம் கட்டியது. கட்டியவர்கள் படகுத் தச்சர்கள். வீடு கட்டத் தெரியாதவர்கள். அதனால்தான் உள்ளே நிற்கும்போது கவிழ்த்துவைத்த படகுக்குள் நிற்பதுபோல் இருக்கிறது.

தூண் பன்னிரண்டு. சைப்ரஸ் மரம். குடும்பத்துக்கு ஒன்று. அந்தந்தக் குடும்பமே காட்டிலிருந்து மாடு பூட்டி இழுத்துவந்து, அந்தந்தக் குடும்பமே இன்றுவரை எண்ணெய் பூசுகிறது. நம்முடையது ஆண்கள் பக்கம் மூன்றாவது. இந்த வருடம் நான் பூசினேன். ஆண்கள் பக்கம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பூசக் கூடாது, செவ்வாய்க்கிழமை வா என்றார்கள். செவ்வாய்க்கிழமை போனேன்.

ஆணி கிடையாது. லூமா மர முளைகள்தான். மழைக்கு ஊறி இறுகும். வெயிலில்தான் கொஞ்சம் ஆபத்து. அந்தக் கவலை நமக்கு இல்லை.

வெளிச்சுவர் முழுக்க அலேர்சே மரச் செதில்கள். மீன் செதில்போல ஒன்றின் மேல் ஒன்று. அதைக் கொண்டுவர ஆண்கள் எதிர்க்கரை மலைக்குப் போய் மாதக்கணக்கில் இருப்பார்கள்.

முக்கியமானது இது. இருநூறு வருடத்துக்கு முன் ராஜா பழைய சாமியார்களை ஒரே நாளில் நாடுகடத்தினான். பிறகு சாமியார் என்றால் வருடத்துக்கு ஒரு முறை படகில் வந்து போகிறவர் என்றாயிற்று. மற்ற நாளெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்ததும் செபம் சொன்னதும் செத்தவரைப் புதைத்ததும் உபதேசியார்கள்தான். கோயில் மரத்தால் நிற்கவில்லை, ஒனோஃப்ரே. மரம் பாதிக்கு மேல் மாற்றப்பட்டுவிட்டது. தினமும் யாரோ ஒருவர் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சத்தமாகச் செபம் சொன்னதால் நிற்கிறது.

சபைக்கு எழுதிவிட்டாயா?

எடெல்மிரா

•

புன்டா அரேனாஸ், 30 ஆகஸ்ட் 1967

என் உயிருக்கு உயிரான அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன்னைச் சுகத்தோடும் அடுப்பில் போதுமான விறகோடும் காணட்டும். தாமதத்துக்கு மன்னித்துவிடு. ஜூலை முழுக்கக் காய்ச்சல், பிறகு சங்க வேலை.

கூட்டத்தைப் பற்றி எப்படிச் சொல்வேன்! உன் கடிதத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வாசித்தேன். 'கோயில் மரத்தால் நிற்கவில்லை' என்று சொன்னதும் முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். கூட்டம் முடிந்து வானொலிக்காரர் ஒருவர் வந்து, "தம்பி, இத மைக்குல பேசுங்க, தீவுக்காரன் ஒவ்வொருத்தனும் அழுவான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு ஞாயிறு பேசினேன். ஆயரின் செயலரும் கேட்டாராம்.

இப்போது புத்தகமாகப் போடலாம் என்கிறார்கள். அதற்கு இன்னும் வேண்டும் அக்கா. கூரைக்கு உள்ளே எப்படி இருக்கிறது? வளைவின் உயரம்? கோபுரத்துக்குள் ஏறியவர் யாராவது உண்டா? பழைய பதிவேடுகளில் என்ன இருக்கிறது? உன்னைத் தவிர யாரால் முடியும்!

சபைக்கான கடிதத்தை இரண்டு முறை தொடங்கிக் கிழித்தேன். சரியான வார்த்தை வரவில்லை. வரும்.

முழங்காலுக்குக் கரடிக் கொழுப்புத் தைலம் ஒன்று அனுப்புகிறேன்.

என்றும் உன்
ஒனோஃப்ரே

•

சௌல்மோ, 17 செப்டம்பர் 1967

ஒனோஃப்ரே, காய்ச்சல் விட்டது என்பதில் நிம்மதி. தைலம் வந்தது. வாசனை தாங்கவில்லை. பூசினேன்.

ஏறினேன். பாவாடையை முடிச்சுப் போட்டுக்கொண்டு, கோபுரத்து ஏணியில் முதலில், அங்கிருந்து கூரைக்கும் வளைவுக்கும் நடுவே இருக்கும் இருட்டுக்குள். மாமா கீழே வந்து நின்று கத்தினார்.

"ஏய் எடெல்மிரா! எறங்கு கீழ! கோயில் மேல பொம்பளை ஏறுனா மழை நிக்காது!"

"மாமா, இந்த ஊர்ல மழை எப்ப நின்னிருக்கு?"

"வாய் மட்டும் கொறைச்சலில்ல. தூண் பூச வந்தா, இப்ப கூரைக்கே வந்துட்டா. நாளைக்குப் பீடத்து மேல ஏறுவா."

அவருடன் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மேலே நிஜமாகவே படகுதான். விலா எலும்புகள், நடுவே முதுகுக்கட்டை. பலகை இடுக்குகளில் தார் தோய்த்த மரப்பட்டை நார். தரையிலிருந்து வளைவின் உச்சி ஏழு மீட்டர் பத்து. கயிறு விட்டு அளந்தேன். 1960இல் பூமி ஆடியபோது வடக்குப் பக்க விலாக்கள் நான்கு விரல் அகலம் நகர்ந்திருக்கின்றன. முளை ஒன்றுகூட முறியவில்லை. அன்று கடல் ஏறிவந்தபோது ஊர் இதற்குள்தான் நின்றது. நீ அதையும் பார்த்ததில்லை.

பதிவேடு. இதைக் கவனமாகப் படி. 1871 முதல் 1874 வரை ஆண்கள் எல்லாரும் எதிர்க்கரைக் காட்டில் மரம் வெட்டப் போயிருக்கிறார்கள். அந்த மூன்று வருடமும் அடக்கப் பதிவில் ஒரே பெயர். பெத்ரோனிலா, உபதேசியார். கையெழுத்துப் போடத் தெரியாது, பெருக்கல் குறி. நாற்பத்தொரு பேரை அடக்கம் செய்திருக்கிறாள். அம்மைக் காலம்.

ஆக, இந்தக் கோயிலில் ஒரு பெண் இருந்திருக்கிறாள். நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. இதை உன் புத்தகத்தில் போடு. சபைக்கு எழுதும் கடிதத்திலும் போடு.

ஞாயிறு செபத்துக்கு இப்போது பெலிசியானோவை நிறுத்தியிருக்கிறார்கள், மாமாவின் மருமகன். அவன் முன்னால் நின்று உதட்டை அசைக்கிறான், நான் பெஞ்சிலிருந்து சொல்கிறேன். போன வாரம் நான் ஆமென் சொல்லி முடித்த பிறகும் அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஆப்பிள் மென்றுகொண்டிருந்தான்.

நாலு மாதம் ஆகிறது, ஒனோஃப்ரே. இரண்டு வரி.

எடெல்மிரா

•

சௌல்மோ, 5 நவம்பர் 1967

ஒனோஃப்ரே,

உன் புத்தகம் வந்தது. எனக்கு வரவில்லை, சபைக்கு வந்தது. முப்பது பிரதி, கயிறு கட்டி. அட்டையில் உன் பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில், 'சௌல்மோவின் மைந்தன்'.

செபமாலை முடிந்ததும் வாசல் மண்டபத்தில் எல்லாரையும் நிறுத்தி மாமா சத்தமாக வாசித்தார். வெளியே கல்மழை. ஒரு மணி நேரம் என் வாக்கியங்களைக் கேட்டேன். கயிறு விட்டு அளந்த ஏழு மீட்டர் பத்து. தார் தோய்த்த நார். 'மழைக்கு ஊறி இறுகும்.' என்ன, நீ நிறைய 'ஆகா'க்கள் சேர்த்திருக்கிறாய்.

"பாத்தீங்களா! பதினோரு வருசம் ஆச்சு ஊரவிட்டுப் போயி. கோயிலோட ஒவ்வொரு ஆணியும் தெரிஞ்சு வச்சிருக்கான் பையன்."

"கோயில்ல ஆணியே கெடையாது மாமா. நீங்க இப்ப வாசிச்ச பக்கத்துலயே அதுதான் இருக்கு."

"எல்லாத்துக்கும் ஒரு பதிலு."

பக்கம் பத்தொன்பதுக்கு வந்தபோது காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். '1871 முதல் 1874 வரை, ஆண்கள் மலைக்குச் சென்றுவிட்டதால், கோயில் மூடிக் கிடந்தது.'

மூடிக் கிடந்தது. நாற்பத்தொரு பேர், ஒனோஃப்ரே. அவர்களை யார் புதைத்தது, நண்டா?

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். சபைக்கு நீ எழுதிய கடிதம். 'என் தந்தையின் பணியை ஏற்பதைவிடப் பெரிய கௌரவம் எனக்கு இல்லை. திருவிழாவுக்கு வந்து நியமனம் பெறுகிறேன். நான் நிரந்தரமாகத் திரும்பும்வரை என் அக்கா வழக்கம்போல் உதவியாக இருப்பாள்.'

தேதியை நான் கேட்கவில்லை. அவரே வாசித்தார். ஜூலை இரண்டு.

செப்டம்பரில் நான் கூரைக்குள் ஏறினேன்.

கை தட்டினார்கள். பெண்களும். ரொசெண்டா, மாமாவின் மகள், பெலிசியானோவின் மனைவி, அவள் மட்டும் என் கையைப் பிடித்து, "ஒனக்கு வருத்தமில்லையே அக்கா? தம்பிதான?" என்றாள். இல்லை என்றேன்.

எடெல்மிரா

•

புன்டா அரேனாஸ், 28 நவம்பர் 1967

என் அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட பயமாக இருக்கிறது. உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

விளக்கம் சொல்ல விடு. சபை என்னிடம் கேட்டது, நான் கேட்கவில்லை. முடியாது என்று சொன்னால் பெலிசியானோவைப் போடுவார்கள். உன்னைப் போடவே மாட்டார்கள், அது உனக்கும் தெரியும். நம் குடும்பத்தை விட்டுப் போவதைவிட என் பெயரில் இருப்பது மேல் இல்லையா? உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. அதுதான் உண்மை.

பெத்ரோனிலா விஷயம்: ஆயரின் செயலர் கைப்பிரதியைப் பார்த்து, ஆதாரம் ஒரு பெருக்கல் குறிதானே, வேண்டாமே என்றார். இங்கே தீவுக்காரர்களுக்காக ஒரு சிற்றாலயம் கட்ட அவர் அனுமதி வேண்டும். நம் கோயிலைப் போலவே, அதே பன்னிரண்டு தூண்களோடு. பெரிய காரியத்துக்காகச் சிறிய ஒன்றை விட்டேன்.

யார் பெயர் போட்டால் என்ன அக்கா? புத்தகம் கோயிலுடையது.

ஜனவரி பதினைந்தாம் தேதி கப்பலில் வருகிறேன். உன் கையால் உருளைக்கிழங்கு அப்பம் சாப்பிட்டு எத்தனை வருடம்!

உன் மன்னிப்பை வேண்டும்
ஒனோஃப்ரே

•

சௌல்மோ, 3 டிசம்பர் 1967

ஒனோஃப்ரே,

வா. மெத்தையை வெயில் பார்த்து உலர்த்தி வைக்கிறேன்.

எ.

•

புன்டா அரேனாஸ், 19 பிப்ரவரி 1968

என் அன்பு அக்காவுக்கு,

கடவுள் அருளால் பத்திரமாக வந்து சேர்ந்தேன். வளைகுடாவைக் கடக்கும்போது கப்பல் பேயாட்டம் ஆடியது. நீ கட்டிக்கொடுத்த அப்பம் கடலுக்குத்தான் போனது. உன் உடம்பு தேவலையா? வழியனுப்பக் கரைக்கு நீ வராதது முழங்காலால்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த எட்டு நாட்களை நான் மறக்கவே மாட்டேன். நவநாள் செபத்துக்கு முதல் தடவை பீடத்துக்கு முன்னால் நின்றேன். வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. அந்தக் கணம் பின்னாலிருந்து உன் குரல் வந்தது பார், உடம்பெல்லாம் புல்லரித்தது! என் உதட்டை அசைத்தேன், அவ்வளவுதான். ஊரே பதில் சொன்னது. அப்பா இப்படித்தான் உணர்ந்திருப்பார். திருவிழா அன்று சாமியார் என் கையில் சிலுவைக்கோலைக் கொடுத்தபோது பெலார்மினோ மாமா குழந்தைபோல் அழுதார்.

ஒரே ஒரு குறை. மரண செபத்தைக் கற்றுக்கொடு என்று மூன்று முறை கேட்டேன். "சமையலறைல யாரும் சாகல" என்று சொல்லிவிட்டு நீ கிழங்கு துருவப் போய்விட்டாய். சிரித்துவிட்டேன். ஆனால் கேட்கத்தான் கேட்டேன்.

நான் மே மாதத்துக்குள் வர முடியாது. சிற்றாலய வேலை தொடங்குகிறது, உபதேசியார் என்பதால் என்னையே குழுவுக்குத் தலைவராகப் போட்டுவிட்டார்கள். அதுவரை பெலிசியானோ என் இடத்தில் நிற்கட்டும். நீ அப்பாவுக்குச் செய்ததுபோல் செய்துகொண்டு இரு. இரண்டு பேரும் சேர்ந்துதானே அக்கா நாம் உபதேசியார்!

பாசத்துடன்,
ஒனோஃப்ரே
சௌல்மோ பங்குக் கோயில் உபதேசியார்

•

புன்டா அரேனாஸ், 6 ஏப்ரல் 1968

அக்கா,

நலமா? ஏழு வாரமாக ஒரு வரி இல்லை. கப்பல் வந்ததா என்று கேட்டால் வந்தது என்கிறார்கள், தபால்காரரைக் கேட்டால் இல்லை என்கிறார்.

பெலார்மினோ மாமாவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. பிப்ரவரி முதல் ஞாயிறு செபம் நடக்கவில்லையாம். நீ கோயிலுக்கு வருகிறாய், உன் இடத்தில் உட்கார்கிறாய், வாயைத் திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறார். இது என்ன பிடிவாதம்? என்மேல் கோபம் என்றால் என்னைத் திட்டு. ஊர் என்ன பாவம் செய்தது? சாமி என்ன பாவம் செய்தார்?

மாமாவின் கையெழுத்து கோணலாக இருந்தது. நெஞ்சு வலி என்கிறார். போய்ப் பார்.

உடனே பதில் எழுது.

ஒனோஃப்ரே

•

சௌல்மோ, 12 மே 1968

ஒனோஃப்ரே, நான் நலம்.

ஞாயிறுகளைப் பற்றி அவர் எழுதியது சரிதான். பெலிசியானோ முன்னால் நின்றான். உதட்டை அசைத்தான். செதில்களில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார்கள், நட்சத்திரங்களை. கால் மணி நேரம் கழித்து அவன் சிலுவை போட்டான், அவர்களும் போட்டார்கள். வெளியே வந்து உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசினார்கள். மூன்று ஞாயிறு இப்படி. நாலாவது ஞாயிறு பாதிப் பேர் வரவில்லை. பாஸ்காவுக்கு வந்தவர்கள் ஏழு. ஒருவர்கூட வந்து, "ஏன் சொல்லமாட்டேங்குற?" என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டால், இதுவரை சொன்னது யார் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மாமாவைப் போய்ப் பார் என்று சொன்னாய். போனேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும், கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். ரொசெண்டா வேலியருகே வந்து நின்றாள். தலையில் ஒன்றும் போடாமல், மழையில்.

"அக்கா, அப்பா ஒங்களக் கேக்குறாரு."

"என்னைக் கேக்குறாரா, உபதேசியாரக் கேக்குறாரா?"

அவள் வேலிப் படலைத் திறந்து பிடித்துக்கொண்டாள். கையைக் கழுவிக்கொண்டு போனேன்.

கட்டிலை அடுப்படிக்கு நகர்த்தியிருந்தார்கள். சபையின் மற்ற நாலு பேரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். பெலிசியானோ விறகு போட்டுக்கொண்டே இருந்தான், யாரும் கேட்காமல். அறை கொதித்தது. மாமாவின் உதடு நீலம். நெஞ்சுக்கூடு மேலே வந்து நின்று யோசித்துவிட்டுக் கீழே போனது. நான் அப்பாவிடம் பார்த்த அதே மூச்சு. இன்னும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். துணியை நனைத்து வாயைத் துடைத்தேன். கண்ணைத் திறந்தார்.

"வந்துட்டியா."

"வந்துட்டேன் மாமா."

"சொல்லும்மா."

என்னை அவர் அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"உபதேசியார் ஊர்ல இல்ல மாமா," என்றேன். "புன்டா அரேனாஸ்ல இருக்கார்."

சுவரோரம் யாரும் அசையவில்லை. அவர் அவர்களைப் பார்த்தார். ஒவ்வொருவராக. அவர்கள் சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. நீ சொல்லும்மா, நீதான் என்று. நாலு பேரில் எவராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருப்பேன். அதற்காகத்தான் காத்திருந்தேன் என்று இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அப்போது அப்படித்தானா என்று தெரியவில்லை.

ஒருவர் இருமினார். ஒருவர் தொப்பியைத் திருப்பிப் பிடித்தார்.

மாமாவின் உதடு அசைந்தது. செபம் தெரிந்து அல்ல. அடுத்தவர் சொல்லப்போவதைப் பிடித்துக்கொள்ளத் தயாராக இருக்கும் உதடு. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்கத்தான் செய்தேன், ஒனோஃப்ரே. அதை விடவில்லை.

செபம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு முறை, இரண்டு முறை. பற்களுக்குப் பின்னால். வாயைத் திறக்கவில்லை.

பெலிசியானோ பரலோக மந்திரத்தைத் தொடங்கினான், தானாக. அன்றன்றுள்ள அப்பம் வரை வந்தான். அங்கே நின்றுவிட்டான். இத்தனை மாதம் உதட்டை அசைத்ததில் அவனுக்கு அவ்வளவுதான் வந்திருக்கிறது.

மூன்றரைக்கு முடிந்தது. கண்ணை மூடியது நான். தாடையைக் கட்டியதும் நான். ரொசெண்டா என்னை ஒன்றும் கேட்கவில்லை, திட்டவுமில்லை. ஒரு கோப்பை மாத்தே தேநீர் கொடுத்தாள். குடித்தேன். சூடாக இருந்தது.

ஊரில் இப்போது இரண்டு கட்சி. நான் கொன்றேன் என்கிறவர்கள், நீ கொன்றாய் என்கிறவர்கள். கோயிலுக்கு அடுத்த உபதேசியார் யார் என்று யாரும் பேசுவதில்லை. அடக்கத்துக்குச் சாமியார் வர முடியவில்லை, கடல் மோசம். பெட்டியைக் கோயிலுக்குள் பன்னிரண்டு தூண்களுக்கு நடுவே வைத்து, யாரும் ஒன்றும் சொல்லாமல், எடுத்துக்கொண்டு போனார்கள்.

வாயைத் திறக்காமல் சொன்னது சாகிறவருக்குப் போய்ச் சேருமா? உன் ஆயரின் செயலரிடம் கேட்டுச் சொல். எனக்குத் தூக்கம் வருகிறது, சாப்பிடவும் முடிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

அன்றைக்கு அங்கிருந்து நேராக வயலுக்குத் திரும்பி வந்தேன். வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பாதியில் விட்ட வரிசையைத் தோண்டி முடித்து, கிழங்கை மூட்டையாகக் கட்டி உள்ளே போட்டேன்.

எடெல்மிரா